மலையேறும் எஞ்சினுக்குத் தண்ணீர் ஆகாது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏற்றிய படகு லோடு உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினால் சற்று நேரத்தில் எலவனாசூர்கோட்டை வந்துவிடும். திருக்கோவிலூர்ச் சாலையும் இங்கே வந்து சேர்கிறது. தேசிய நெடுஞ்சாலை 79 கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்தைத் தொடும். அங்கே ஏறும் 44ஆம் எண் சாலை பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி என்று ஓடி ஸ்ரீநகரில் போய் முடியும். டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டும் இந்த ஊரின் வெயிலில் நின்றுகொண்டு பனியைப் பற்றிப் பேசினால் டிரைவர் சிரிப்பார். ஆனால் பனிக்கான வேலையை முடிக்க வேண்டிய இடம் இதுதான். காஷ்மீர் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், அங்கே போய்ச் சேரும்போது படகு எஞ்சினின் பிளாக் ஏற்கெனவே வெடித்திருக்கும்.

கள்ளக்குறிச்சி தாண்டும்போது வலப்பக்கம் தெரிகிற கல்வராயன் மலையை வைத்துக் குளிரைக் கணக்கிடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கல்வராயனின் உயரமான பகுதிகளே 1,200 மீட்டரை ஒட்டித்தான். மார்கழியில் கம்பளி கேட்கும், தண்ணீர் உறையாது. கரியாலூர் படகு குழாம் வரை போகும் வண்டிக்கு இந்த அத்தியாயம் தேவையில்லை. ஊட்டிக்குப் போகும் வண்டிக்குக் கொஞ்சம் தேவை. ஸ்ரீநகர், லே, நைனிடால் போகும் வண்டிக்கு முழுவதும் தேவை. மலையே ஏறாமல் ராஜஸ்தானின் சுரு, பதேப்பூர் பக்கம் ஜனவரியில் ராத்தங்கும் வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமவெளியிலும் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது.

கடல் மட்டத்தில் செய்த படகு இமயமலை ஏறுவது அதிசயமும் இல்லை. 2021 ஜனவரியில் தரைப்படை, பாங்கோங் போன்ற உயரமான ஏரிகளில் ரோந்து போக 12 விரைவுப் படகுகளுக்குக் கோவா ஷிப்யார்டுடன் ஒப்பந்தம் போட்டது. பாங்கோங் ஏரி 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் உப்பு, இருந்தும் குளிர்காலத்தில் முழுவதும் உறைகிறது. "உப்புத் தண்ணிதானே ஓடுச்சு, அதெல்லாம் உறையாது" என்று துறைமுகத்தில் யாராவது சொன்னால் இந்த ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடல்நீர்கூட மைனஸ் 2 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கிவிடும்.

எது உடைக்கிறது

குளிர் இரும்பை உடைப்பதில்லை. உள்ளே தங்கிய தண்ணீர் உடைக்கிறது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். பருக்க இடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. பாதி தண்ணீர் நிற்கிற அகலமான அறையில் பனி மேல்நோக்கி வளர்ந்துகொள்ளும். குறுகிய வழியில் இருமுனையும் முதலில் உறைந்து அடைத்துக்கொள்ள, நடுவில் மாட்டிய தண்ணீர் போக்கிடமின்றி உறையும்போதுதான் வார்ப்பிரும்பும் விரிசல் விடுகிறது. அதனால் "எவ்வளவு தண்ணீர் மிச்சம்" என்பதைவிட "எந்த இடத்தில் மிச்சம்" என்று கேட்பதே சரி. பிளாக்கின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதே ஒரு டம்ளர் ஆயில் கூலரின் குழாய்களிலோ கடல்நீர் பம்பின் கூட்டிலோ நின்றால் தப்பிக்க முடியாது.

பிளாக்கின் பக்கவாட்டில் அழுத்திப் பதித்த வட்டத் தகடுகள் பனி வந்தால் தெறித்து எஞ்சினைக் காப்பாற்றும் என்று நம்பும் மெக்கானிக்குகள் உண்டு. அந்தத் தகடுகள் வார்ப்பு வேலைக்காக விட்ட ஓட்டைகளை மூடத்தான் வந்தவை. சில சமயம் தெறிக்கும், சில சமயம் தகடு அப்படியே இருக்கப் பக்கத்துச் சுவர் பிளக்கும். அதை நம்பி வண்டி ஏற்ற வேண்டாம்.

நம் கடற்கரையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடலில் ஓடிய எஞ்சினை ஏற்றுமுன் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பைக் கழுவுவார்கள். துருவுக்கு இது மருந்து. பனிக்கு இதுவே விஷம், ஏனென்றால் உள்ளே இருந்த உப்பு நீரை வெளியேற்றிவிட்டு, இன்னும் சீக்கிரம், பூஜ்யத்திலேயே உறையும் நீரை நீங்களே நிரப்புகிறீர்கள். கழுவுங்கள், கழுவிய உடனே தண்ணீரை இறக்குங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் அவசரத்தில் விடுகிறார்கள்.

முதலில் எஞ்சினின் வகை

சில ஃபைபர் படகுகளில் இருக்கும் காற்றால் குளிரும் நீண்டவால் டீசல் எஞ்சினில் தண்ணீர் ஓடுவதே இல்லை. டீசல், பேட்டரி பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின் சமர்த்து. செங்குத்தாக நிறுத்தினால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். நாம்தான் கெடுக்கிறோம்: படகிலிருந்து கழற்றிய கையோடு லாரி பாடியில் படுக்க வைத்துவிடுகிறோம். தலை கீழேயும் விசிறிப் பக்கம் மேலேயும் இருந்தால் புகைவழியில் நின்ற தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே போகலாம். முதலில் நிமிர்த்தி நிறுத்துங்கள். சொட்டுவது நின்றதும் ஸ்டார்ட் ஆகாதபடி கில் ஸ்விட்ச் சாவியை எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். பம்பில் மிஞ்சியது வெளியே வரும். பிறகும் படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்தப் பக்கம் கீழே இருக்கலாம் என்று அதன் புத்தகத்திலேயே இருக்கும், அந்தப் பக்கம் மட்டும். முடிந்தவரை மரச்சட்டத்தில் நிமிர்ந்தபடியே கட்டுங்கள். ஒரு சட்டம் செய்ய உள்ளூர் ஆசாரிக்கு ஒரு மணி நேரம் போதும்.

படகோடு சேர்த்து டிரெய்லரில் போகும் அவுட்போர்டில் வேறு தொல்லை. ரோட்டில் இடிக்காமலிருக்க எஞ்சினைத் தூக்கி மடக்கியிருப்பார்கள். புகை வெளியேறும் வழி பல எஞ்சின்களில் விசிறியின் நடுவில்தான் இருக்கிறது. மடக்கிய நிலையில் அது வானம் பார்த்த கிண்ணமாக நிற்கும். நாக்பூரில் பெய்த மழை அதில் நிறைந்து ஸ்ரீநகர் வழியிலுள்ள பனிஹாலில் உறைந்துவிடும். ஒரு பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டினால் தீர்ந்தது.

கீழ்ப்பகுதி கியர் பெட்டியை எல்லாரும் மறப்பார்கள். அடித்திருகைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். தெளிந்த ஆயில் கசிந்தால் முறுக்கிவிடலாம். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும், அங்கே உறைந்தால் அலுமினியக் கூடு பிளக்கும். சீலையும் ஆயிலையும் மாற்றிய பிறகே ஏற்றுங்கள். கடற்கரையிலேயே கண்டுபிடித்தால் இது அரை நாள் வேலை.

உள்ளே பூட்டிய டீசல் எஞ்சின்

விசைப்படகுகளில் இருக்கும் அசோக் லேலண்ட் போன்ற எஞ்சின்களும், சுற்றுலாப் படகுகளில் உள்ளே பூட்டிய எஞ்சின்களும்தான் உண்மையான கவலை. இவற்றில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்றில் வெளித்தண்ணீரே பிளாக்குக்குள் சுற்றிவிட்டுப் போகும். மற்றதில் பிளாக்குக்குள் கூலண்ட் தனியாகச் சுற்ற, வெளித்தண்ணீர் ஒரு வெப்பமாற்றியின் குழாய்கள் வழியாக வந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். இரண்டாவது வகையில் கூலண்ட் இருக்கிறது என்று நிம்மதியாகப் போகிறவர்கள், வெளித்தண்ணீர் ஓடும் பாதி எஞ்சினைக் கணக்கில் எடுப்பதில்லை.

இறக்கும் வேலையை எஞ்சின் மட்டமாக நிற்கும்போது செய்யுங்கள். பிளாக்கின் இருபுறமும் உள்ள டிரெயின் பிளக், புகை மேனிஃபோல்டின் பிளக், வெப்பமாற்றி, ஆயில் கூலர், கடல்நீர் வடிகட்டி, நீர்ப்பூட்டு மஃப்ளர் என்று தண்ணீர் போகும் வழியிலேயே விரலை வைத்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் தப்பாது. பிளக்கைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய எஞ்சினில் துருவும் மணலும் ஓட்டையை அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்துங்கள், பின்னால் நின்றதெல்லாம் சிவப்பாகக் கொட்டும். எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுவது இந்தக் காய்ந்த பிளக்தான்.

கடல்நீர் பம்பின் மூடியைக் கழற்றி ரப்பர் இம்பெல்லரை வெளியே எடுத்துவிடுங்கள். கூட்டில் ஒரு வாய்த் தண்ணீர்தான் நிற்கும். ஆனால் அளவு குறைவு என்பதால் முதலில் உறைவதும் அதுதான். உறைந்த கூட்டில் இம்பெல்லரின் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பினால் இதழ்கள் பிய்ந்து குழாய்களுக்குள் போய்விடும். எடுத்த இம்பெல்லரை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கிலேயே கட்டிவிடுங்கள். அங்கே கட்டினால் ஏரிக்கரையில் அவசரக்காரர் யாரும் அதைப் பார்க்காமல் எஞ்சினை ஓட்டிவிட முடியாது.

குழாய்களின் தாழ்ந்த வளைவுகளில் நிற்பதைக் கழற்றிக் கொட்டலாம், அல்லது ஊதித் தள்ளலாம். நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் போதும். முழு அழுத்தத்தையும் திறக்காமல் மெதுவாக, வெளியேறும் வாயில் காற்று மட்டும் வரும்வரை ஊதச் சொல்லுங்கள். வேகமாக அடித்தால் சீல்கள் போகும்.

பிளக்குகளைத் திரும்ப மாட்டலாமா, திறந்தே விடலாமா? திறந்து விடுவதே என் கட்சி. மலையில் வண்டி மேலும் கீழும் சாயும்போது எங்கோ ஒளிந்திருந்த நீர் இறங்கி வரும், அதற்கு வழி இருக்கட்டும். கழற்றிய பிளக்குகள் இம்பெல்லர் பையிலேயே போகட்டும். பையின் மேல் எத்தனை பிளக் என்று எழுதுங்கள்.

கூலண்ட் கணக்கு

காலி செய்ய முடியாத, அல்லது காலி செய்யக் கூடாத மூடிய சுற்றுக்குத்தான் கூலண்ட். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி என்றால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. லே போகும் வண்டிக்கு இது போதும். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறவர்கள் உண்டு. தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். கலவைக்குத்தான் பலம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இப்படி. எஞ்சின் பத்து லிட்டர் கொள்ளும். இறக்கியதாக நினைத்தும் மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே நிற்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஏழு லிட்டர் ஊற்றுகிறீர்கள். அதில் கிளைக்கால் மூன்றரை லிட்டர், மொத்தத்தில் 35 சதவீதம். மைனஸ் 37 என்று நீங்கள் நம்பும் எஞ்சினின் உண்மையான எல்லை மைனஸ் 20ஐ ஒட்டி நிற்கிறது. ஸ்ரீநகருக்குத் தாங்கும், லடாக்கின் ஜனவரி இரவுகளுக்கு நம்ப முடியாது. ஆகவே ஊற்றியதும் சில நிமிடங்கள் எஞ்சினை ஓட்டிக் கலக்கவிட்டு, உள்ளிருந்து எடுத்த சொட்டை கூலண்ட் அளவுமானியில் வைத்துப் பாருங்கள். டப்பாவில் எழுதியதையோ பச்சை நிறத்தையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறம் வெறும் சாயம்.

வெளித்தண்ணீர் ஓடும் பாதையில் எத்திலீன் கிளைக்காலை விடாதீர்கள். ஓட்டிய முதல் நாளே அது ஏரியில் கலக்கும். நஞ்சு, இனிப்பாக வேறு இருப்பதால் நாயும் மாடும் நக்கும். அந்தப் பாதைக்கு நச்சு மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்கால். அதைவிட நல்லது காலியாக விடுவது.

மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய யோசனை ரப்பரைக் கெடுக்கும். உப்பைக் கரைத்து ஊற்றினால் அலுமினியத்தை அரிக்கும். இரண்டும் வேண்டாம்.

டீசல், பேட்டரி, படகின் அடித்தண்ணீர்

டீசலில் இருக்கும் மெழுகு, குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். நம் நாட்டுத் தரப்படி சாதாரண டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் எல்லை கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. கள்ளக்குறிச்சி பங்க்கில் நிரப்பியதை வைத்து லடாக்கில் படகைக் கிளப்ப நினைக்காதீர்கள். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராவது. படகு டேங்கை இங்கேயே வடித்துவிட்டு, போகும் இடத்தில் அந்த டீசலை நிரப்புவதுதான் வழி. ஃபில்டருக்குக் கீழே உள்ள தண்ணீர்க் கிண்ணத்தையும் வடியுங்கள், கண்ணாடிக் கிண்ணமானால் முதலில் உடைவது அது. அவுட்போர்டின் பெட்ரோல் டேங்கைத் தனியாகக் கழற்றிக் காலியாகத்தான் ஏற்ற வேண்டும்.

லாரியின் டீசலுக்கும் இதே கதைதான். காலையில் வண்டி கிளம்பாதபோது டேங்கின் அடியில் தீ மூட்டிச் சூடாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வண்டியின் மேல் தார்ப்பாயும் ஃபைபர் படகும் பெட்ரோல் வாசமும் இருக்கின்றன. வெயில் வரும்வரை காத்திருங்கள். தார்ப்பாய்க்குள் அடுப்பு, ஹீட்டர் வைப்பதும் வேண்டாம்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்தால் இந்தியாவில் எங்கும் உறையாது. இறங்கிப்போன பேட்டரியின் அமிலம் பெரும்பாலும் தண்ணீர்தான். மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து கூடு பிளந்துவிடும். சார்ஜ் போட்டு, வயரைக் கழற்றி ஏற்றுங்கள்.

படகின் பின்பக்க வடிகால் தக்கையைப் பிடுங்கி, அணியம் சற்று உயர்ந்திருக்கும்படி ஏற்றினால் மழைத்தண்ணீர் நிற்காது. ஏற்றத்தில் வண்டி நிமிரும்போது அடியில் தேங்கிய தண்ணீரெல்லாம் பின்பக்கம் ஓடி எஞ்சினைச் சூழ்ந்துகொள்ளும். அடித்தண்ணீரை இறைக்கும் சிறு பம்பையும் வடித்துவிடுங்கள்.

தார்ப்பாய் வெப்பம் தராது. காற்று வேகமாக அடித்தால் இரும்பு சீக்கிரம் குளிரும். ஆனால் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கீழே அது குளிராது. தெளிந்த வானம் அப்படியில்லை, திறந்த இரும்பு வானத்துக்குச் சூட்டை இழந்து காற்றைவிடவே குளிர்ந்துபோகும். ஊட்டியில் புல்லில் உறைபனி படிவது இப்படித்தான். தார்ப்பாய் இரண்டையும் தடுக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு

2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் இரவு வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும், சில நாள் ஓரிரு டிகிரி கீழேயும் போகும். ஆனால் அது விடியற்காலைச் சில மணி நேரம்தான், பகல் வெயிலில் சூடேறிய கனமான பிளாக் அதற்குள் உறைந்து பிளப்பது அரிது. ஆபத்து பம்புக்கூடு போன்ற சின்ன இடங்களுக்குத்தான். அதனால் கிளைக்கால் செலவெல்லாம் வேண்டாம். தண்ணீரை இறக்கிவிட்டு, காலை ஒன்பது மணிக்கு முன் சாவியைத் தொடாமலிருந்தால் போதும்.

வழியிலும், போய்ச் சேர்ந்தும்

ஸ்ரீநகர் லோடுக்கு நாள் பார்க்க முடியுமானால் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள், அவர்கள் சில்லாய் கலான் என்று சொல்லும் கடுங்குளிர்க் காலத்தைத் தவிருங்கள். அந்நாட்களில் தால் ஏரியின் ஓரங்களும் வீட்டுக் குழாய்களும் உறைகின்றன. மணாலி வழியில் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயைத் தவிர்க்க உதவும், ஆனால் லே வரையான சாலை அதற்கப்பாலும் பாரலாச்சா லா போன்ற கணவாய்களைத் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பகுதி மூடிவிடும்.

டிரைவர் மாறும் இடத்தில் தகவல் தொலைந்துபோகும். "அண்ணே, தண்ணி இறக்கியாச்சு, பிளக் பையில இருக்கு, யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று சேலத்தில் ஒருவர் சொன்னது டெல்லியில் ஏறும் டிரைவருக்குப் போய்ச் சேராது. அட்டையில் தமிழிலும் இந்தியிலும் எழுதி எஞ்சின் மேலேயே கட்டுங்கள். இறக்கிய தேதி, பிளக் எண்ணிக்கை, கூலண்ட் அளவுமானி காட்டிய டிகிரி ஆகிய மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் உடனே ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு பகல் வெயிலில் நிற்கட்டும். பிறகு பிளக்குகளை எண்ணி மாட்டி, இம்பெல்லரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்யாமல் எல்லா இணைப்பிலும் கசிவு பாருங்கள். பிளாக்கில் மயிரிழை விரிசல் இருந்தால் இந்த நிலையில் வியர்த்தது மாதிரி ஈரம் காட்டும். ஆயில் அளவுக்கம்பியை உருவி, பால் நிறம் இல்லையென்று பார்த்த பிறகே சாவி. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி மறுபடியும் அதே கம்பியைப் பாருங்கள். புரொப்பிலீன் கிளைக்கால் ஓடிய பாதையானால் முதலில் வெளிவருவதை ஒரு வாளியில் பிடித்து, ஏரியில் ஊற்றாமல் பார்ட்டியிடம் ஒப்படையுங்கள். திரும்பும் லோடில் அதே படகு கீழே வருவதாக இருந்தால், அந்த வாளியும் அட்டையும் அங்கே இன்னொரு முறை வேண்டியிருக்கும்; இரண்டையும் படகிலேயே விட்டு வாருங்கள்.